ஏழாவது இலை

காஜா பெராங், மலாக்கா
16-1-1957

அன்புள்ள தேவதாஸ் அண்ணனுக்கு,

தங்கை ருக்மணி வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாகப் பொங்கல் வைத்திருப்பீர்கள். எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. கால் வீக்கம் தவிர வேறு குறையில்லை. வயிற்றுக்குள் விழுகிற உதையைப் பார்த்தால், பையனோ பெண்ணோ, நல்ல ரோஷக்காரப் பிள்ளை.

போன கடிதத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய் இவரைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நெஞ்சுச் சளி குறைந்துவிட்டது, நீங்கள் கொண்டுபோன பாலை ஒரே மூச்சில் குடித்தார் என்று. சந்தோஷமாகப் படித்து மடித்து வைத்தேன். மறுநாள்தான் உறைத்தது. உங்கள் மைத்துனருக்குப் பால் வாடையே ஆகாதே, அண்ணா! கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தபோது வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியவர் அவர். சபையே சிரித்தது. நீங்கள் அன்று பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். காசநோய் வந்தால் நாக்கு மாறுமோ என்னவோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் வைத்தியத்துக்கென்று சிங்கப்பூர் போனவர். மாதம் ஒரு கடிதம் வருகிறது. மலாயில்தான் வரும், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற இந்த மலாக்காச் சிட்டிக் குடும்பத்தில் யாருக்கும் தமிழ் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பிறகு மூத்தார் அப்பு என் கையில் கடிதத்தைக் கொடுப்பதில்லை. காகிதத்தில் கிருமி இருக்குமாம், பிள்ளைத்தாய்ச்சி தொடக்கூடாதாம். வாசலில் நின்று அவரே படித்துக் காட்டுவார், உடனே அடுப்பில் போட்டுவிடுவார். கூடப்பிறந்தவன் எழுதிய கடிதத்தை அவ்வளவு அவசரமாக எரிப்பார்களா?

இதற்கு நடுவில் கம்பெனிப் பேச்சு வேறு. தஞ்சோங் கிளிங் கடற்கரையில் இருக்கும் எங்கள் விடுதியை இப்போது முறையாகப் பதிவு செய்யப்போகிறார்கள். என் மாமனார் முப்பது வருஷத்துக்கு முன் ஒரே ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசையில் தொடங்கியது. குளிக்க வந்த தோட்டத்துத் துரை ஒருவன் தேநீருக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு, தோணிக்கு எவ்வளவு என்று நச்சரித்தானாம். வந்து இறங்கும்போது ஒரே விலை கொடு, ஊருக்குத் திரும்பும்வரை உன்னிடம் யாரும் கை நீட்டமாட்டார்கள் என்று மாமனார் சொன்னாராம். அன்றிலிருந்து அதுதான் இந்தக் குடும்பத்தின் வழக்கம். ஜப்பான்காரன் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான். யுத்தம் முடிந்து இவரும் மூத்தாரும் ஒவ்வொரு பலகையாகத் திரும்பக் கட்டினார்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறானே, இனி யார் வருவார்கள் என்று மூத்தார் கவலைப்பட்டபோது, மெர்டேக்கா வரட்டும், சுதந்திரம் கிடைத்தால் நம் ஊர் வாத்தியாரும் ஆபீஸ் கிராணியும் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள் என்று சொன்னவர் இவர்தான்.

போன வாரம் வக்கீல் ஆபீஸ் கிராணி கம்பெனிக் காகிதத்தோடு வந்தார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு இங்கிலீஷ் என் பெயர் அளவுக்குத்தான். அந்தப் பெயரே அங்கே இருந்தது, மூத்தார் பெயருக்குப் பக்கத்தில். சங்கரன் என்ற இவர் பெயரைத் தேடு தேடென்று தேடினேன், எங்கேயும் இல்லை. அவர் குத்துக்கல்லாக இருக்கும்போது என் கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். மூத்தார் தலையைக் குனிந்துகொண்டு, தாக் அப்பா, ஒன்றுமில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று மலாயில் சொல்லிக் கிராணியை அனுப்பிவிட்டார். தம்பி படுத்த சமயம் பார்த்துச் சொத்தைச் சுருட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. பாவி நான், இப்போது சொல்கிறேன், சுருட்ட நினைப்பவன் என் பெயரை ஏன் எழுதுகிறான்?

போகியன்று இவர்கள் பார்ச்சு படைப்பார்கள், சொல்லியிருக்கிறேன். செத்துப்போன பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, அவரவர்க்குப் பிடித்ததை வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவதாக ஐதீகம். இந்த வீட்டில் எப்போதும் ஆறு இலை. இந்த வருஷம் ஓரகத்தி மீனாச்சி, கால் வீங்கியிருக்கிறது, நீ அறையிலேயே படுத்திரு என்று மூன்று தடவை சொன்னாள். அவ்வளவு கரிசனம் என்ன என்றுதான் எழுந்து போனேன்.

ஏழு இலை இருந்தது, அண்ணா.

ஏழாவது யாருக்கு என்று கேட்டேன். பெயர் தெரியாத மூதாதைக்கு என்றாள் மீனாச்சி. பெயர் தெரியாத மூதாதைக்குப் பொரித்த கெம்போங் மீனும், மாங்காய்ச் சம்பலும், பால் ஊற்றாத கோப்பியும் பிடிக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது? மற்ற ஆறு இலைக்கும் பால் தேநீர்தான். கதவைச் சாத்தினார்கள். மூத்தார் எங்களோடு நிற்கவில்லை, கிணற்றடிக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

உயிரோடு இருப்பவளிடம் ஆயிரம் பொய் சொல்லலாம். இந்த வீட்டில் செத்தவர்களைப் பட்டினி போட மாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் மேல் இருக்கும் அன்பால்தான் எல்லோரும் சேர்ந்தீர்களோ? வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றோ? உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கோபமாக இருக்கிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் உங்கள் காலில் விழுகிறேன், நூறு தேங்காய் உடைக்கிறேன்.

இதற்குப் பதில் கடிதம் போடாதீர்கள். கடிதம் எதையும் இனி நம்ப மாட்டேன். புறப்பட்டு வாருங்கள். அவர் இருந்தால், எலும்பும் தோலுமாக இருந்தாலும் சரி, பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தனியாக வந்து இறங்குங்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் ஜன்னலிலேயே பார்த்துக்கொள்வேன்.

அண்ணியையும் பிள்ளைகளையும் மாரியம்மன் நூறு வயது வாழவைக்கட்டும். நீங்கள் வரும்வரை நான் பொட்டு வைத்துக்கொள்கிறேன், அண்ணா. அதுவரைக்கும் என்னை யாரும் தடுக்கக்கூடாது.

உங்கள் தங்கை,
ருக்மணி சங்கரன்