மூன்றாவது தண்ணீர்

மாதுங்கா, பம்பாய்
8-2-67

சிரஞ்சீவி பிரம்மநாயகத்துக்கு அப்பா எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தப் பனி தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். க்ஷேமம் விசாரித்தாயிற்று. இனிமேல் எழுதப்போவது எதுவும் உனக்கு இனிக்காது, ஆனாலும் கடைசி வரிவரை படி.

பொங்கலன்று உன் சிநேகிதன் மாசானம் செம்பூரிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் இரண்டு சிவப்பு மீனோடு வந்து நின்றான். நீ ஜெர்மனியிலிருந்து எழுதிச் சொன்னாயாம், அம்மாவுக்குப் பொங்கல் சீர் என்று இளித்தான். புதிதாக வந்ததை எடுத்த எடுப்பில் பழையதோடு விடலாமா, நாலு நாள் வேறு பாத்திரத்தில் போட்டுப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் செய்யாது மாமா, மீனுக்கு மீன் துணை என்று சொல்லி ஜாடித் தண்ணீரோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டு, சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போனான். நாலாம் நாள் அந்தப் புது மீன்களின் மேல் ரவையைத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி. மறுநாள் தொட்டியில் ஏற்கெனவே இருந்த கறுப்பு மீனுக்கும், நீ விட்டுப்போன பழைய சிவப்பு மீனுக்கும் வந்துவிட்டது. அரிப்புத் தாங்காமல் கல்லிலும் கண்ணாடியிலும் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. உன் அம்மா பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா முத்துப் போட்டிருக்கா, மருந்து கிருந்துன்னு பேச்செடுக்கப்பிடாது என்று சொல்லிவிட்டாள். தொட்டியின் நாலு மூலையிலும் வேப்பிலை கட்டினாள். வீட்டில் தாளிப்பு நின்றது, அவள் தலை வாரவில்லை, என்னைச் சவரம் பண்ண விடவில்லை, முள்ளுத் தாடியோடு ஆபீஸ் போனேன். மாசானம் இன்னொரு நாள் வந்தபோது அம்மை கண்ட வீடு என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. சைவப் பிள்ளைமார் வீட்டில் மீனுக்கு அம்மை பார்க்கிற கதை மூன்று மாடிக்கும் பரவிச் சிரிப்பாய்ச் சிரித்தது. புது மீன் இரண்டும் கறுப்பு மீனும் செத்து மிதந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவளைப் பார்த்து நான் அப்படிக் கத்தினதில்லை.

எங்கள் ஆபீசில் நாகூர் மீரான் என்று ஒருவர், வீட்டில் ஐந்து தொட்டி வைத்திருப்பவர். அவர்தான் இது அம்மையும் இல்லை சும்மையும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பூச்சி மீனின் தோலுக்கடியில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி, மெத்திலீன் புளூ என்கிற நீல மருந்தும், கல் உப்புக்கு அளவும் கொடுத்தார். குளிர் நாளில் இது மூர்க்கமாகும், தண்ணீரைக் கொஞ்சம் சூடாக வை என்றார், தொட்டியோரம் ஒரு பல்பைக் கட்டி எரியவிட்டேன். வேப்பிலையை அவிழ்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உன் அம்மா மருந்துக்குச் சம்மதித்தாள். என் பத்து விரலும் நீலமாகிவிட்டது, எலெக்‌ஷன் வருமுன்னே எத்தனை ஓட்டய்யா போட்டீர் என்று ஹெட் கிளார்க் கேட்கிறார். நாலாம் நாள் ஒரு புள்ளி இல்லை. எனக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும். பல்பை அணைத்தேன், நீலத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பினேன். முத்து இறங்கினாப்ல ஆச்சா, தலைக்கு மூணு தண்ணி விடாம ஆத்தா போக மாட்டா என்று அவள் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். இரண்டு நாளில் முன்னைவிட இரண்டு பங்கு புள்ளியோடு அந்த மீன் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மீரான் என்னைத் திட்டாத குறைதான். புள்ளி உதிர்ந்தா நோய் போச்சுன்னா அர்த்தம் அண்ணாச்சி, அது கீழ மண்ணுல விழுந்து நூறு குஞ்சு விட்டு மேல ஏறி வரும், அந்தக் குஞ்சத்தான் மருந்து கொல்லும், நீங்க அப்பப் பாத்து மருந்தக் கொட்டிட்டியளே என்றார்.

உன் கடிதம் வந்தது அன்றைக்குத்தான், ஜனவரி இருபத்தேழு. எப்போதும்போல் உன் அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டாள், நான் உரக்கப் படித்தேன். கம்பெனியில் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்ற வரி வந்ததும் அதை வாய்விட்டுப் படிக்காமல் கடைசிப் பாராவுக்குத் தாவிவிட்டேன். அதற்குக் கீழே, பழைய மீன் அதுவரை இருக்காது, செத்தால் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள், அதே நிறத்தில் இரண்டு மாசானத்திடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சீர் என்று அவன் கொண்டுவந்தது இதற்குத்தானா. உன் அம்மாவை ஏமாற்ற நீ அனுப்பின மீன்தானடா வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பல்லார்டு பியரில் கப்பல் ஏறும்போது, அழாதம்மா, இந்த மீன் உசிரோட இருக்கையிலேயே நான் வந்து நிப்பேன் என்று சொன்னது யார், நானா. நீ இரண்டு வருஷப் படிப்பு என்று போனவன். நீ போன அடுத்த நிமிஷம் அந்த வார்த்தையை மறந்திருப்பாய், அவள் அதை வைத்துக்கொண்டுதான் தினமும் பொரிகடலையை இடித்துப் போட்டு அந்த மீனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மீன் சாய்ந்து கிடந்த அன்று சாயங்காலம் நானும் குர்லாவில் ஒரு மீன் கடை வாசலில் போய் நின்றேன். அதே சிவப்பு, அதே அளவு இருந்தது. ஆனால் நம் மீனுக்கு வாலில் ஒரு கிழிசல் உண்டு, உன் அம்மாவுக்கு அது தெரியும். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். உன்மேல் எவ்வளவு ஆத்திரமோ அதில் பாதி என்மேலும் எனக்கு அன்று இருந்தது.

அன்றிலிருந்து வைத்தியம் அவள் கைக்குப் போய்விட்டது. நான் வெறும் எடுபிடி. தொட்டியில் இருந்த மண்ணை எல்லாம் வாரி வெளியே கொட்டிவிட்டு, மறுபடியும் மருந்தும் உப்பும் போடச் சொல்லிப் பல்பையும் எரியவிட்டாள். புள்ளி விழுந்த பிறகும் பல்பை அணைக்க விடவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் தண்ணீர், வெள்ளிக்கிழமை இரண்டாவது, நேற்றுச் செவ்வாய் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அதற்குண்டான மருந்தும் உப்பும் கலந்து ஊற்றினோம். அவள் ஆத்தாளுக்கு விட்டாள், நான் பூச்சிக்கு விட்டேன், தண்ணீர் ஒன்றுதான். மீரான் வந்து பார்த்துவிட்டு இப்படித்தான் செய்யவேண்டும், அண்ணிக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆச்சரியப்பட்டார். நேற்று மாலை அந்த மீன் மேலே ஏறி வந்து அவள் விரலிலிருந்து பொரிகடலையைக் கவ்வியது. அவள் கண்ணாடியில் திருநீறு பூசிவிட்டு என்னைப் பார்த்து, பிரம்மு வாரதுக்குள்ள இதுக்கு ஒண்ணும் ஆகாது என்றாள். நான் சவரம் செய்துகொள்ளும் சாக்கில் எழுந்து போனேன்.

நீ எழுதின அந்த வரிகளை நான் இன்னும் அவளுக்குப் படித்துச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஐந்து வருஷம் என்பதை நீயே உன் கையால் அவள் பெயருக்குத் தனியாக எழுது, பக்கத்து வீட்டுக் கனகவள்ளியை விட்டுப் படிக்கச் சொல்கிறேன், என் வாயால் அது வராது. எழுதக் கை வராவிட்டால் புறப்பட்டு வா. இனிமேல் மாசானத்திடம் எந்த உயிரையும் கொடுத்தனுப்பாதே. காதை மூடுகிற குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே, வாரம் ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி. கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோமதிநாயகம்

பின்குறிப்பு: நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மீனுக்குச் சுகமில்லைன்னு படிச்சிட்டுப் பிள்ள பதறிப்போயி வேலைய விட்டுட்டு ஓடி வந்திரப்போறான், நல்லாயிட்டுன்னு எழுதுங்க, மெதுவா லீவு கெடைக்கும்போது வந்தாப் போதும்னு சொல்லுங்க என்கிறாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.