அண்டி ஆபீஸ் வாசல்

ஞாயிறு, இரவு

இன்று அம்மாவுக்குப் புதுவீட்டைக் காட்டினேன். அவள் கூலிக்கு முந்திரி உடைத்த ஆலை, ஊர்ப்பேச்சில் அண்டி ஆபீஸ், இருந்த மனை. பழைய புகைக்கூண்டையும் கேட்டை ஒட்டிய சின்ன அறையையும் இடிக்காமல் நானே வரைந்து கட்டுகிறேன். அந்த அறைதான் எங்கள் வாசல். செங்கல் தெரியட்டும் என்று பூச்சுகூடப் பூசவில்லை. படித்த படிப்பின் திமிர் முழுக்க அதில்தான்.

சமையலறையில் நின்று அம்மா சிரித்தாள். "காத்து நல்லா வருது மக்கா."

வெளியே போக அந்த அறைக்குள் வந்ததும் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"என்னம்மா இது?"

சட்டென்று இறக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல பிள்ளே. வேலை முடிஞ்சு போவும்போ இங்கதான் தடவிப் பாப்பாவ. மடியில அண்டிப்பருப்பு ஒளிச்சிருக்கான்னு."

இங்கேதான் அவளைக் குடிவைக்கப் போகிறேன்.

"நாளைக்கே இடிச்சிருவேம்மா."

"சும்மா கெட. நல்ல சொவரு." வெயிலில் இறங்கி நடந்துவிட்டாள்.

ஆபீஸை மூடி எத்தனை வருஷம் ஆகிறது! அந்தக் கைகளிடம் யாரும் சொல்லவே இல்லையா?