அஞ்சலை மகள் பாடியது

நேற்று சுபாங் ஜெயாவில் ஒரு கல்யாண விருந்து. பாயசத்தை வாயில் வைக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டார்கள். "அஞ்சலை மகன் நான், அஞ்சல!" மேசை மேசையாக எழுந்து ஆடினார்கள். மைக் பிடித்திருந்தவர், "நம்ம நாட்டுத் தமிழ் ராப்புக்குப் பாதை போட்ட அண்ணன், சொந்தமா எழுதுன வரி!" என்றார். நான் கிண்ணத்தை வைத்துவிட்டு அவரிடம் போய், அது என் தோழியான உன்னுடைய வரி என்று சொன்னேன். "பழைய கதை லா ஆன்டி, போய்ச் சாப்பிடுங்க," என்று சிரித்தார். நீ இறந்துபோய் மூன்று வருடமாகிறது. கோபம் அடங்காமல் இதை உனக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுங்கை வேயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் சாப்பாட்டு டப்பாவைத் தட்டுவேன். நீ ராப் பாடுவாய். எதையும் எழுதி வைத்ததில்லை. சூப்பர்வைசர் வந்தால் சூப்பர்வைசர், மழை வந்தால் மழை. அந்த நிமிடம் வாயில் வருவதுதான் பாட்டு. "தட்டுறத நிறுத்தாதடி, நீ நிறுத்துனா நான் விழுந்துருவேன்," என்பாய்.

கிள்ளானில் ஒரு நடனப் போட்டியின் இடைவேளையில் நீ பாடியதைக் கேட்டுத்தான் அந்த 'அண்ணன்' கூப்பிட்டார். பிரிக்பீல்ட்ஸில் கீழே கேசட் கடை, மாடியில் பாட்டுப் பதிவு என்று நடத்திவந்தவர். துணைக்கு நானும் வந்தேன். "சும்மா ட்ரையல்தான் தங்கச்சி. மனசுல வர்றதப் பாடு," என்றார். கண்ணை மூடிக்கொண்டு பாடினாய். "அஞ்சலை மக நான், அஞ்சல" அங்கேதான் பிறந்தது. நம் தொழிற்சாலையில் கழிப்பறை கழுவிய உன் அம்மாவின் பெயர் அது. முடித்ததும் நீயே வியந்து சிரித்தாய். கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து, கிள்ளான் கடைத்தெருவில் உன் வரிகளை ஓர் ஆண்குரல் பாடிக்கொண்டிருந்தது. கேசட் அட்டையில் அவர் பெயர். "மக" மட்டும் "மகன்" ஆகியிருந்தது. நேரே பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"இது என் பாட்டு அண்ணே."

"எழுதி வச்சிருக்கியா? பேப்பரக் காட்டு."

"எழுதல. அப்படியே வந்துச்சு. உங்க முன்னாடிதானே பாடுனேன்?"

"அப்படியே வர்றது யாருக்கு வேணா வரும் லா. பொம்பளப் பிள்ள ராப் பாடுனா யாரு வாங்குவா?"

நானும் கூட இருந்து பார்த்தேன் என்றேன். "நீ அவ கூட்டாளி. வேற என்ன சொல்லுவ?"

"சரி, அஞ்சலை யாரு அண்ணே?" என்று நீ கேட்டாய்.

"அது... சும்மா ரைமுக்கு."

"எங்கம்மா உனக்கு ரைமா?"

அந்த நொடியில் 'அண்ணே' போய்விட்டது. நான் கண்ணாடி மேசையைத் தட்டினேன். நீ ஆரம்பித்தாய்.

"பேப்பரு கேட்டியே, பேரத் திருடி!
சோப்புல தேஞ்ச கை, பாரு திரும்பி!"

மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தாய். நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். "பாஸ், உண்மையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். கடைக்காரர் நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். போலீஸைக் கூப்பிடுவாராம். திருடியது அவர், போலீஸைக் கூப்பிடுவதும் அவர்!

அதற்குப் பிறகு நீ மைக்கைத் தொடவில்லை. கல்யாணமாகிப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலைக்குப் போனாய். லோரிகளில் அந்தப் பாட்டு ஓடினால் "மாத்துங்க அண்ணே" என்பதோடு சரி. நீ ராப் பாடியது உன் பிள்ளைகளுக்கே தெரியாது. அவருக்கு இன்னும் மேடை மேடையாக மாலை விழுகிறது.

அன்று கடையில் பாடியதில் எனக்கு மிஞ்சியது இந்த இரண்டு வரிதான். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் உன் குரல், இடையில் நீ எச்சில் விழுங்கிய சத்தம் உட்பட, என் காதில் அப்படியே இருக்கிறது. அன்று கைதட்டியவர்கள் யாரோ எவரோ; எனக்குப் பிறகு அதைக் கேட்டவர் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.