வெட்டிவிட்ட இரண்டு கிழமை

11.02.2025, செவ்வாய்

கொட்டாஞ்சேனையில் ஜவாத்தைச் சந்தித்தேன். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் தனியார் நிலையம் நடத்துகிறார். நோயாளிகள் தங்கள் முறையைப் போனிலேயே உறுதிசெய்ய ஓர் ஆப் வேண்டுமாம். ஆப்பை வடிவமைக்க நான் எழுதிய திட்டத்தில் முதல் இரண்டு கிழமை, பதினான்கு நாள், பாவனையாளர் ஆய்வுக்கு என்று போட்டிருந்தேன். நோயாளிகளோடு இருந்து, கதைத்து, எப்படி வந்து போகிறார்கள் என்று பார்க்க. சரியாக அந்த வரியில் பேனையை வைத்தார்.

“இது எதுக்கு மிஸ்? பத்து வருஷமாப் பாக்கிறம். எங்கட பேஷண்ட்ஸ எங்களுக்குத் தெரியாதா?”

“சரி, எடுத்துவிடுறன்” என்றேன்.

அரை நிமிடம்கூட வாதாடவில்லை. ஏன்? வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். வேறொன்றுமில்லை.

12.02.2025

புரோகிராம் எழுதும் கிஷாந்த் கேட்டான்: “அக்கா, ஒரு காலமையாவது அங்க போய் இருந்து பாப்பமா?” “அவையே வேண்டாம் எண்டிட்டினம், விடு” என்றேன்.

05.05.2025, திங்கள்

ஆப் இன்று தொடங்கியது. தங்கள் முறைக்கு முந்தின நாள் மதியத்துக்குள் ‘உறுதி’ என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அது என் யோசனை. ஜவாத் எல்லோர் முன்னும் பாராட்டினார். வெள்ளவத்தைக்குத் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

19.06.2025, வியாழன்

ஜவாத் கோல் எடுத்தார். குரல் சரியில்லை. முகத்துவாரத்தில் நோபேட் என்று ஒருவர். கிழமைக்கு இரண்டு முறை வருகிறவர். இதுவரை அடுத்தவர் யாரும் காத்திராததால் தப்பியிருந்தவர், இப்போது தொடர்ந்து இரண்டு முறை வந்து, இடம் போய்விட்டது என்று திரும்பியிருக்கிறார். நேற்று மூச்சு முட்டி, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

வீட்டில் ஒரே ஒரு போன். மகள் சாமினி வேலைக்குக் கொண்டுபோய்விடுவாள். கடையில் பின்னேரம்வரை அதைத் தொட விடமாட்டார்கள்.

ஒரு காலமை. ஒரே ஒரு காலை நேரம் அங்கே இருந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள் — ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்?

21.06.2025, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாமினி முகம் கொடுக்கவில்லை. நோபேட்தான் சிரித்தார். அந்த ஆப்பைச் செய்தது நான்தான் என்று சொன்னேன். “பிழை எங்கடதான், ஐயா.”

“சே, இல்ல மகள். எனக்குப் படிப்பில்லாததால வந்தது. ஆப் நல்லம் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

24.06.2025, செவ்வாய்

ஜவாத்திடம் நேரே சொன்னேன்: “அண்டைக்கு நான் விட்டுக்குடுத்திருக்கக் கூடாது. இப்ப விடமாட்டன்.”

மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார். “எத்தனை நாள் வேணும்?”

“ரெண்டு கிழமை.”

“எடுங்க. நானும் வந்து இருக்கிறன்.”

பெப்ரவரியில் நான் கேட்டிருக்க வேண்டிய சம்மதம். என் வாதம் வாங்கித் தரவில்லை. ஒரு மனிதனுக்கு மூச்சு முட்டியதுதான் வாங்கித் தந்தது.

11.07.2025, வெள்ளி

முப்பத்தொரு பேரோடு கதைத்தோம். பதினொரு பேருக்குச் சொந்தப் போன் இல்லை. ஜவாத் ஒவ்வொருவரிடமும் தானே கேட்டார். போன் இல்லை என்று பதில் வந்த ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘உறுதி’ பொத்தானை எடுத்துவிட்டோம். இனி, வரமுடியாதவர் மட்டும் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் இடம் அவருக்கே.

17.08.2025, ஞாயிறு

ஜவாத்தும் நானும் முகத்துவாரத்துக்குப் போனோம். நோபேட் மெலிந்திருந்தார். எங்களைக் கதிரைகளில் இருத்திய பிறகே தானும் இருந்தார். சாமினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“உங்கட இடம் அப்பிடியே இருக்கு. இனிப் போனே தேவையில்ல. வாங்க” என்றார் ஜவாத்.

“வேணாம் தம்பி. இப்ப அரசாங்க ஆஸ்பத்திரியிலதான் செய்யிறன். வெள்ளனப் போய் வரிசையில நிண்டாச் சரி. வரிசையில நிக்க எனக்குத் தெரியும்.”

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறமுன் குடிக்கச் சொன்னார்.