கறுப்பு போன சாடிகள்

1868 பெப்ரவரி 11, குண்டசாலை

இன்று சூளை திறந்தோம். எல்லாச் சாடியும் நல்ல கறுப்பு. என் வீட்டுக்காரர் இவர் வனைவதோடு சரி. தீ அடங்கும் நேரத்தில் காய்ந்த காப்பித் தோலைக் கொட்டி, சூளை வாயை மண்ணால் அடைத்துப் புகையேற்றுவது நான். சந்தையில் "லெட்சுமணன் சாடி" என்கிறார்கள். சாடி அவருடையதாகவே இருக்கட்டும். கறுப்பு யாருடையது?

பெப்ரவரி 17

எங்கள் சாடிகளை வாங்கி விற்கும் முனாப் நானா கண்டியிலிருந்து வந்தார். காப்பித் தோட்டத்துத் துரைசானிக்குப் பூ வைக்கச் சாடிகள் வேண்டுமாம், ஆனால் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டுமாம். ஈயப்பொடியும் அரைத்த கண்ணாடியும் கலந்த பூச்சு ஒரு பை கொண்டுவந்திருக்கிறார். சுட்ட சாடிகளிலேயே பூசித் திரும்பவும் சுட வேண்டும்.

"மறுபடி தீயில வச்சா கறுப்பு எரிஞ்சு போயிரும்ங்க" என்றேன்.

"தோல் அள்ளிக் கொட்டுறவ எனக்குச் சூளை சொல்லித் தர்றியா?" என்றார் இவர், அந்நிய மனிதர் முன்னால். முனாப் நானா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்காவது வெட்கம் இருந்தது.

பெப்ரவரி 24

சுட்டார். ஒன்றில்கூடக் கறுப்பு மிஞ்சவில்லை. செங்கல் சிவப்பு, மேலே மஞ்சள் மினுமினுப்பு. நான் வாயே திறக்கவில்லை. அதற்கும் ஏச்சு.

மார்ச் 2

துரைசானிக்குச் சிவப்பே பிடித்துவிட்டதாம்! இன்னும் வேண்டுமாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொன்னது அப்படியே நடந்தது, பாராட்டு அவருக்கு. இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

மார்ச் 4

"இனிமே புகை வேல இல்ல. தோட்டத்துக் காப்பி ஸ்டோர்ல சொத்தக் கொட்டை பொறுக்கப் போ." சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். அவ்வளவுதானா? அந்தச் சூளை இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? அவர் முன்னால் அழவில்லை.

மார்ச் 19

ஸ்டோர். குனிந்தே இருந்து இடுப்பு விட்டுப்போகிறது.

ஏப்ரல் 28

துரைசானி எல்லாச் சாடிகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். தண்ணீர் கசிந்து மேசை பாழாம். பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்பு. வருத்தப்பட்டேனா? இல்லை.

உடைந்த துண்டு ஒன்றை அடுப்பில் காப்பித் தோலுக்குள் புதைத்துப் பார்த்தேன். புகை ஏறவில்லை. பூச்சுதான் கொப்புளித்து நாறிப்போனது.

மே 5

ஸ்டோர் வாசலில் இவர் வந்து நின்றார்.

"வா புள்ள. திரும்பி வந்த சாடியெல்லாம் பழையபடி புகை ஏத்திக் கறுப்பாக்கிக் குடு, சந்தையிலயாவது வித்துருவோம். ஒன் கையாலதான் ஆகும்."

என் கையால். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார். போன மாதம் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

இந்தப் பூச்சின் மேல் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாடிகளை அடுக்கினேன். தீ அடங்கும் நேரத்தில் தோலைக் கொட்டினேன். வாயை அடைத்தேன்.

"நல்லா வரும்ல?" என்று கேட்டார்.

"தெறந்து பாருங்க" என்றேன்.

நாளை அவர் திறக்கும்போது நான் ஸ்டோரில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பேன்.