துரை பழுதுபார்க்கும் வண்டி

மார்ச் 4, செவ்வாய்

வண்டி மறுபடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பதினாறு வயசான சொகுசு வண்டி. ஸ்பிரிங்குக்குப் பதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு காற்றுப் பை. இடது பின் பை ஒழுகுகிறது. தோல் இருக்கை, மர டேஷ்போர்டு, பின்சீட்டுக்குத் தனி ஏசி என்று மயங்கி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இந்த யானையை ஓட்டிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்று தெரியாது. ஆனால் நடை, உடை, பேச்சு எல்லாம் துரை. ஆகவே இந்த நோட்டில் அவர் பெயர் துரை.

தீனி போடுவது நான். பல் டாக்டர், மாலையில்தான் கிளினிக். காலையில் சும்மா கிடந்த கை போன வருஷம் ஒரு நாள் வண்டியின் ஏசி விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டியது. ஓடியது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் கண் எட்டாத இடத்தைப் பார்க்க, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் போல ஒரு கருவி உலகத்தில் கிடையாது. கிளினிக் கண்ணாடி வேறு, வண்டிக் கண்ணாடி வேறு. யாராவது இதைப் படித்துத் தொலைத்தால் என்ன ஆவது, அதற்காக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6

புதுக் காற்றுப் பை வந்துவிட்டது. நகை வாங்கியபோதுகூடப் பெட்டியை இத்தனை தடவை திறந்து பார்த்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பக்கமாவது உயர்ந்தால் தானே காற்றை இறக்கி மட்டம் பார்த்துக்கொள்ளும். ஜாக்கி வைக்கும் முன் ஒரு பொத்தானை அழுத்தி, 'நீ சும்மா இரு தாயே' என்று அதற்குச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன். நான் தூக்கத் தூக்க அது புஸ்ஸ் புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ சரியில்லையே என்று ஜாக்கியை இறக்கினால், வண்டி மொத்தமாகத் தரையோடு படுத்துவிட்டது. ஜாக்கி அடியில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, நான் அடியில் போகவில்லை. எஞ்சினைப் போட்டு வெகுநேரம் உறுமவிட்ட பிறகுதான் மனமிரங்கி எழுந்தது.

துரை பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன, வண்டி தூங்குதா?"

எட்டாத உயரத்தில் நின்றது அவர் அதிர்ஷ்டம். என் கையில் ஸ்பேனர் இருந்தது.

மார்ச் 11

பை மாட்டியாயிற்று. காலையில் வண்டி நேராக நிற்கிறது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 15, சனி

நாத்தனார் வந்தாள். வாசலிலேயே, "அண்ணா, வண்டி புதுசு மாதிரி நிக்குதே, எந்த மெக்கானிக்?" என்று கேட்டாள்.

துரை சோபாவில் சாய்ந்துகொண்டார். "மெக்கானிக் எதுக்கு? காற்றுப் பை போயிருந்துச்சு. வீட்டுலயே மாத்தியாச்சு."

"எங்க அண்ணன் கை வச்சா எதுவும் சோடை போகாது அண்ணி. நீங்க கொடுத்து வச்சவங்க."

கொடுத்து வைத்தவளின் நகக்கண் முழுக்க கிரீஸ். அவள் முன்னால் இவரை விட்டுக்கொடுக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். அவள் போனதும், நான் மாற்றியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ கேக்கல, நான் சொல்லல" என்கிறார்.

கேட்டாளே. யாரு மெக்கானிக்னு வாய் விட்டுக் கேட்டாளே. நான் என்ன பொன்னா பொருளா கேட்டேன்? 'இது இவ செஞ்சது' — அவ்வளவுதான் எனக்கு வேணும். நாலு பேர் முன்னால ஒரு தடவை. அதையும் கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு பாராட்டா, பிச்சையா?

மார்ச் 22

இன்று வெளிச்சமாயிற்று ஒரு விஷயம். பழைய சொகுசு வண்டிக்காரர்கள் சங்கம் ஒன்று போனில் இருக்கிறதாம். அதில் துரைக்குப் பட்டப்பெயர் 'டாக்டர்'. யார் என்ன கோளாறு சொன்னாலும் பத்து நிமிஷத்தில் மருந்து சொல்லிவிடுகிறாராம்.

சாப்பிடும்போது பொது அறிவுக் கேள்வி மாதிரி கேட்பார்: "ஹீட்டர் போட்டா உள்ள இனிப்பா ஒரு வாசனை வந்தா என்னவா இருக்கும்?" நானும், இந்த மனுஷனுக்கு இப்போதாவது வண்டியில் அக்கறை வந்ததே என்று உருகி, ரேடியேட்டர் தண்ணீர் ஹீட்டரில் கசிகிறது என்று விலாவாரியாகச் சொல்வேன். அதை அப்படியே மேஜைக்கு அடியில் போனில் டைப் அடித்திருக்கிறார்.

மார்ச் 23

இன்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். யாருடைய வண்டியோ, பாவம். சரியாகவே சொன்னேன்.

ஏப்ரல் 2

ஞாயிறன்று சங்கக் கூட்டம். 'வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி' — பேசுபவர் துரை.

"நீயும் வா. பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும். ஏதாவது ஏடாகூடமா கேட்டா கண்ணைக் காட்டு."

"எந்தக் கண்ணை?"

"விளையாடாத."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயும் திறக்கமாட்டேன், கண்ணும் காட்டமாட்டேன். அங்கே அவராக என் பெயரைச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் இனி அந்த வண்டியில் ஒரு நட்டைத் தொட்டால் நான் என் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

எனக்கு முன்னால் எழுந்து வண்டியைக் கழுவியிருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, அசல் மெக்கானிக் கோலம். "எண்ணெய், தண்ணி எல்லாம் இன்னிக்கு நானே பாத்துட்டேன்" என்றார். அப்போதே பானெட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை.

பெரிய பார்க்கிங் மைதானம். நாங்கள் போய் நின்றதுமே கூட்டம் சூழ்ந்தது. நான் இறங்கவில்லை. துரை பேசினார். என்ன பேச்சு. காற்றுப் பையை அவர் பெற்று வளர்த்ததுபோல இருந்தது. என் பெயர் வரவில்லை. ஜாக்கி கதைகூட வந்தது, 'ஒருத்தர் பண்ண தப்பு' என்று.

சங்கத் தலைவர், "டாக்டர், பானெட்டைத் திறங்க, பாக்கலாம்" என்றார். திறந்தார்.

நுரை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் நிரப்பும் டப்பாவின் மூடி வழியாகப் பொங்கி, எஞ்சின் மேல் வழிந்து, தரையில் சொத்தென்று விழுந்தது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முன்கண்ணாடி கழுவ நான் கலக்கி வைத்திருந்த சோப்புத் தண்ணீரை அந்த டப்பாவில் ஊற்றியிருக்கிறார்.

"டாக்டர், இது என்னது?"

"இது வந்து... சில வண்டிகள்ல, ஒரு கட்டத்துல..."

ஜன்னல் பக்கம் வந்து என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு கூட்டத்துப் பக்கம் திரும்பினார். வகுப்பறைக் குரல் போயே போய்விட்டது.

"எனக்குத் தெரியாதுங்க. இந்த வண்டியில ஒரு நட்டுகூட நான் தொட்டதில்ல. எல்லாம் இவ செஞ்சது. உங்களுக்கெல்லாம் பதில் சொன்னதும் இவதான், நான் டைப் அடிச்சேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா நானா ஒரு மூடியைத் திறந்து ஊத்தினேன். அதான் இந்த நுரை."

யாரோ சிரித்தார். அப்புறம் எல்லோரும். அவரும் சிரித்தார், காது சிவந்துபோய். இத்தனை நாள் எத்தனை விதமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன் இந்த நிமிஷத்தை, 'இப்பவாவது தெரிஞ்சுதா' என்று கேட்க. அதையெல்லாம் விட்டுவிட்டு, சீட் பெல்ட்டைக் கழற்றி இறங்கினேன்.

"சூடா இருக்கு. ஆறுற வரைக்கும் யாரும் மூடியைத் தொடாதீங்க."

கூட்டம் மொத்தமும் ஓரடி பின்வாங்கியது. பல் டாக்டர் குரலுக்கு எங்கே போனாலும் அந்த மரியாதை உண்டு.

தயங்கித் தயங்கி ஒருவர் வந்தார். "மேடம், ஹீட்டர்ல இனிப்பு வாசனைன்னு கேட்டது நான்தான். நீங்க சொன்னபடி பாத்தேன். அதேதான்."

வண்டி ஆறியதும் வடித்து, எல்லோரும் கொடுத்த குடிதண்ணீரை ஊற்றி, ஆமையாக ஊர்ந்து வீடு வந்தோம். வழி நெடுக துரை எஞ்சின் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபமில்லை.

ஏப்ரல் 8

ஊற்று, ஓட்டு, ஆறவிடு, வடி. இன்னும் நுரைக்கிறது. வாளி தூக்குவது துரை. இடுப்பு வலிக்கிறதாம்.

ஏப்ரல் 10

நுரை நின்றது.

ஏப்ரல் 20, ஞாயிறு

எஞ்சின் ஆயில் மாற்றும் நாள். "நானும் ஒண்ணு செய்யறேனே" என்று துரை கெஞ்சினார். போனால் போகிறது என்று, ஆயில் வடிக்கும் அடி போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலையைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு அடியில் போனார். தலைமுடியெல்லாம் கரியாக வெளியே வந்தார். நான் புகுந்து பார்த்தேன். அளவாக முடுக்கியிருந்தார். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். கிடைக்கவில்லை.

சாயங்காலம் சங்கத் தலைவர் தன் வண்டியைக் காட்ட வந்தார். வந்தவர் எங்கள் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு சொட்டு ஒழுகல. சுத்தமான வேலை. போல்ட்ட யாரு மேடம் முடுக்கினது?"

"நான்தான்" என்றேன்.

துரை என் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.