போட்டுடைப்பான் பரம்பரை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். இந்த முறை எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். மாமாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? போனில் பேசினால் நீ சிரித்து மழுப்புவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நூலகத்தில் அடுக்கும்போது புத்தகங்கள் என் வலது கையிலிருந்து நழுவுவதாக எழுதியிருந்தேன் அல்லவா? நேற்று நரம்பு டாக்டரிடம் போனேன். மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார் என்ற நினைப்பில், பெருவிரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு போயிருந்தேன்.

முதலில் அப்படித்தான் நடந்தது. விரல்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார். "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டார். நான் நம் வீட்டு வேடிக்கையை எடுத்துவிட்டேன். "எங்களுது போட்டுடைப்பான் பரம்பரை டாக்டர். அப்பா கையில டம்ளர் நிக்காது, அத்தை கையில தட்டு நிக்காது. அக்காவுக்கும் அதே கைராசிதான்" என்றேன். நர்ஸ் சிரித்தார். டாக்டர் பேனாவை மூடினார். "ஷூ, சாக்ஸெல்லாம் கழட்டுங்க. முதல்லேர்ந்து பாத்துடலாம்" என்றார்.

நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நர்ஸ் ஏன் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார் என்பது நான் சாய்ந்த பிறகுதான் புரிந்தது. பாதத்திலிருந்து ஊசி முனையால் தொட்டுக்கொண்டே வந்தவர், "குத்துதா, சொல்லுங்க" என்றார். அவர் தொடங்கிவிட்டார் என்பதே எனக்குத் தெரியவில்லை. உன் எதிரில்கூட உடை மாற்றாதவள் நான். அவர்கள் மாற்றிக்கொள்ளக் கொடுத்த மெல்லிய அங்கியில் என் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

கடைசியில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்துபோனார் என்றேன். "படி ஈரமா இருந்துதா?" என்றார்.

இல்லை, அக்கா. காய்ந்துதான் இருந்தது. நாம் யாரும் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

நோய்க்கு இன்னும் பெயர் சொல்லவில்லை. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். "அக்காவையும் தள்ளிப்போடாம காட்டச் சொல்லுங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அம்மாவிடம் கையில் சுளுக்கு என்று சொல்லியிருக்கிறேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறேன். அவள் பார்க்காத மாதிரி பார்க்கிறாள். இத்தனை புத்தகம் படித்தேனே, ஒரு வரிகூடத் துணைக்கு வரவில்லை.

பால் பாட்டில் கையிலிருந்து நழுவியதைப் போன கடிதத்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாய். அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு நரம்பு டாக்டரைப் போய்ப் பார். என்னைத் திட்டு, பைத்தியம் என்று சொல், ஆனால் போ. என் பயம் வீண் பயமாகப் போகட்டும். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டிச் சிரி, கேட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கும்வரை, பாப்பாவை உட்கார்ந்துகொண்டே தூக்கு, அக்கா.

உன் கையைப் பிடித்தபடி,
தங்கை